பாப்பா அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறதா... பால் பத்தலைன்னு அர்த்தமா?

மதியம் 1.42-க்கு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ். 'தூங்கிட்டான்டி. குளிச்சுட்டு வந்து கூப்பிடுறேன்.' 2.09-க்கு அடுத்தது. 'எழுந்துட்டான். நான் இன்னும் குளிக்கவே இல்லை.'

நடுவில் 27 நிமிடம்தான்.

பிரசவத்துக்குப் போன அக்கா இன்னும் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பையனுக்கு நான்கு மாதம். பகலில் நான்கைந்து தடவை தூங்குகிறான். ஒரு தடவைகூட முக்கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். உரம் விழுந்திருக்கும், கண்ணு பட்டிருக்கும், தூளியை மாத்திக் கட்டு. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டவள், பக்கத்து வீட்டு அத்தை சொன்னதில்தான் உடைந்துபோனாள். "உனக்குப் பால் பத்தலைம்மா. வயிறு நெறஞ்சா புள்ள ரெண்டு மணி நேரம் தூங்காதா?" அன்று சாயங்காலமே பால் பவுடர் டப்பா வாங்கிவரச் சொல்லிவிட்டாள்.

இந்த வாரம் எழுத வேறு விஷயம் வைத்திருந்தேன். அது அடுத்த வாரம் வரட்டும்.

முதலில், குழந்தை ஏன் அப்படி எழுகிறது? நாம் எல்லோருமே தூக்கத்தில் ஆழமாகப் போய், மேலே வந்து, மறுபடி ஆழத்துக்குப் போகிறோம். பெரியவர்களுக்கு இந்த ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50 நிமிடத்தை ஒட்டித்தான், சிலருக்கு இன்னும் குறைவு. சுற்று முடிகிற இடத்தில் நாம் புரண்டு படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுகிறோம். விழித்தது காலையில் நினைவில்கூட இருக்காது. நான்கு மாதக் குழந்தைக்கு அந்தப் பாலத்தைத் தானாகத் தாண்டத் தெரியாது. மடியில் ஆடிக்கொண்டே தூங்கிய பிள்ளை, கண் திறந்தால் பாயில் கிடக்கிறது. ஆட்டமும் இல்லை, அம்மாவும் இல்லை. அழாமல் என்ன செய்யும்?

பால் போதுகிறதா என்று பார்க்கத் தூக்கத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது. ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். அக்கா வீட்டில், 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எழுதிய எடை கார்டிலேயே இருந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முந்தைய எடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏற வேண்டிய அளவுக்கு ஏறியிருக்கிறான். டப்பா இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

4 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன கணக்கு. அக்காவை எல்லாத் துண்டுத் தூக்கத்தையும் கூட்டச் சொன்னேன். 13 மணி நேரம் வந்தது. 'இவன் என்னைவிட டபுள் மடங்கு தூங்குறான்டி' என்று அனுப்பினாள்.

சரி, கொஞ்சமாவது நீட்டிக்க முடியாதா? முடியும், ஆனால் மந்திரம் எதுவும் இல்லை.

பெரும்பாலும் நாம் தூங்க வைக்கத் தொடங்குவதே தாமதம். இந்த வயதில் ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேர விழிப்புக்கு மேல் குழந்தை தாங்காது. பார்வை எங்கோ நிலைத்து நிற்கும், புருவம் சிவக்கும், முகத்தைத் தோளில் தேய்க்கும். அப்போதே படுக்க வைக்க வேண்டும். அழுது அலறுவது கடைசிக் கட்டம். அதற்குப் பிறகு தூங்கினாலும் தூக்கம் நிற்பதில்லை.

அடுத்தது வெளிச்சம். காலையில் நல்ல வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். தூங்கும் நேரத்தில் ஜன்னலில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாலே போதும். ஃபேன் சத்தம் குக்கர் விசிலைக் கொஞ்சம் மறைக்கும். காற்று வரட்டும், வெயில் காலத்தில் பிள்ளையைத் துணியால் சுற்றிப் புழுக்க வேண்டாம்.

அக்காவுக்குக் கொஞ்சம் பலன் கொடுத்தது மூன்றாவதுதான். முனகல் கேட்டதும் ஓடிப்போய்த் தூக்காமல், ஓரிரு நிமிடம் பக்கத்தில் இருந்து பார்ப்பது. சில முனகல்கள் தூக்கத்திலேயே வருபவை. தூக்கினால் நாமே எழுப்பிவிடுகிறோம். அழ ஆரம்பித்தால் தூக்குங்கள். அழ விட்டுப் பழக்குவது பற்றியெல்லாம் இந்த வயதில் யோசிக்கவே வேண்டாம். ஒரு நாளின் முதல் தூக்கத்தில் மட்டும் இதை முயன்றால் போதும். ஐந்து தடவையும் முயன்றால் அம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இனி தூளி. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், எனக்கு வந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் தூளியிலதானே வளர்ந்தீங்க?" என்கிறார் அம்மாச்சி. உண்மைதான். ஆனால், மல்லாக்கப் படுக்க வைத்து, சமதளமான, அமுங்காத படுக்கை, தலையணையும் தளர்ந்த துணியும் இல்லாமல் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் பாதுகாப்பான தூக்கம். தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை குறுகும், துணி முகத்தில் மூடலாம். தூளியில்தான் தூங்கும் என்றால், கண் எதிரே யாராவது இருக்க வேண்டும், தூங்கியதும் பாய்க்கு மாற்ற வேண்டும். புரளத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்குப் பகலில் தூளி, அம்மாச்சி காவல், இரவில் பாய் என்று சமரசம். எனக்கு முழுத் திருப்தி இல்லை.

சமரசமே கூடாத ஒன்று, தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுப்பது. 'ரெண்டு சொட்டுதான், நல்லா தூங்கும்' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதில் வரும் தூக்கம் மருந்தின் மயக்கம். மூச்சுத் திணறல்வரை போகலாம். தேனும் ஒரு வயதுவரை வேண்டாம்.

எடை ஏறவில்லை, சிறுநீர் குறைகிறது, தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வருகிறது, காய்ச்சல், பால் குடித்ததும் முதுகை வில்லாக வளைத்து அழுகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி பல குழந்தைகளுக்கு ஐந்தாறு மாதத்தில் பகல் தூக்கம் தானாகவே நீள்கிறது.

ஆனால், அதுவரை அம்மா? அக்காவுக்கு 26 வார விடுப்பு முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். 27 நிமிடத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல், இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையுமாக இருந்தால் அது சோம்பலோ திமிரோ இல்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ இலவசமாக எந்த நேரமும் அழைக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். முதல் நாள் 50 நிமிடம் தூங்கியவன், அன்று 25-வது நிமிடமே விழித்துக்கொண்டான். அக்கா எழுந்திரிப்பதற்குள் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினார். திண்ணையில் அவனுக்குத் தெருவில் போகிற ஆடுகளைக் காட்டிக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்தது சாயங்காலம் அஞ்சரைக்கு.