பிரிண்ட் எடுக்க மலை இறங்கணுமா?

இப்பல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம்கூட, 'புராஜெக்ட்டை டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து வா' என்கிறார்கள். கள்ளக்குறிச்சி டவுனில் தடுக்கி விழுந்தால் ஜெராக்ஸ் கடை. கல்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? வெள்ளிமலைக்கோ, கீழே கச்சிராயபாளையத்துக்கோ பஸ் பிடிக்கணும். துணைக்கு வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு!

போனாலும் ஒழுங்காக வருகிறதா? அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப், பிளஸ் டூ படித்தபோது என் நாத்தனார் மகளுக்குக் கிடைத்தது. அதில் என் பெண் டைப் செய்து பென் டிரைவில் கொண்டுபோனாள். கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும்! "இந்த ஃபான்ட் எங்ககிட்ட இல்லக்கா. மறுபடி டைப் அடிக்கணும், பக்கத்துக்குத் தனிக் காசு" என்றார் கடைத் தம்பி. இத்தனைக்கும் தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது. பழைய ஃபான்ட்டுகள்தான் இன்னும் போகமாட்டேன் என்கின்றன.

சகோதரிகளே, யூனிகோடில் டைப் செய்து, பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டு போங்கள். எழுத்து வடிவமும் ஃபைலுக்குள்ளேயே போய்விடும். எழுத்து உடையாது, பக்கமும் நகராது.

ஆனால் இதையெல்லாம் அம்மாக்கள் தலையிலேயே கட்டுவானேன்? மலைப் பள்ளிகளில் ஒரு பிரிண்டரும் ஒரு கட்டு பேப்பரும் வைக்கக் கூடாதா? அதுவரைக்கும் கையால் எழுதி வரும் பிள்ளைக்கும் அதே மார்க்கைக் கொடுங்கள், டீச்சர்.

- ஓர் இல்லத்தரசி, கச்சிராயபாளையம்.