மாறுவேடத்தில் வரும் வாடிக்கையாளர்

விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும். ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன். வியாபாரிகளுக்கோ பீங்கான்! பொம்மை, கோப்பை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை என்று என்னென்னவோ இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன.

சூளையில் அத்தனை கவனமாக வேகவைத்த பொருள், கடையில் எப்படி விற்கப்படுகிறது? கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கும்போது எல்லாக் கடையும் நல்ல கடைதான். அவர் மதியம் சாப்பிடப் போன பிறகு என்ன நடக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய நிறுவனங்கள் செய்யும் ஏற்பாடுதான் ‘மிஸ்டரி ஷாப்பிங்’. முன்பின் தெரியாத ஒருவர் சாதாரண வாடிக்கையாளர்போல வருவார். விலை கேட்பார், வாங்குவார், சில சமயம் திருப்பிக் கொடுத்தும் பார்ப்பார். வெளியே போய், பார்த்ததை எழுதிக் கொடுப்பார். நம் ரிசர்வ் வங்கி அதிகாரிகளும் அடையாளம் காட்டாமல் வங்கிக் கிளைகளுக்குப் போய், கிழிந்த நோட்டை மாற்றித் தருகிறார்களா என்று பார்ப்பதுண்டு.

நமக்கு இது புதுசா என்ன? மாறுவேடத்தில் நகர்சோதனை போன ராஜாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அதில் பொற்கைப் பாண்டியன் கதையைக் கடை வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறை யோசிக்க வேண்டும். கணவன் வெளியூர் போன வீட்டுக்குக் காவலாக இரவில் சுற்றிவந்த பாண்டியன், ஒருநாள் உள்ளே ஆண் குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டான். குரல், ஊர் திரும்பிய கணவனுடையது! அந்தப் பெண்மீது சந்தேகம் விழக்கூடாதே என்று தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் வழக்கு வந்தபோது, தட்டிய தன் கையையே வெட்டிக்கொண்டான்.

ஒரு குரலைக் கேட்டு முடிவு கட்டியதால் வந்த வினை. கடையிலும் இதே ஆபத்து உண்டு. வேவு பார்க்க வந்தவர் ‘அந்தப் பெண் முகம் கொடுத்தே பேசவில்லை’ என்று எழுதுவார். மறுநாள் அவள் வேலை போகும். காலையிலிருந்து நின்றபடியே விற்றாள் என்பது அந்தத் தாளில் இருக்காது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆகவே வேவு பார்ப்பவரின் முதல் கேள்வி, ‘விற்பவருக்கு நாற்காலி இருக்கிறதா?’ என்பதாகவே இருக்கட்டும்.

திருவள்ளுவர் இதில் கெட்டிக்காரர். ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றர் சொன்னதை இன்னொருவரை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்கிறார். சின்னக் கடைக்கு இதற்கு ஏஜென்சியெல்லாம் வேண்டாம். கடைப்பையன்கள் பார்த்திராத மூன்று பேர் போதும். பண்ருட்டியில் இருக்கும் சித்தி, உளுந்தூர்பேட்டை நண்பர், ஒரு கல்லூரி மாணவி. ஒருவர் காலையில், ஒருவர் மதியம், ஒருவர் மாலைக் கூட்டத்தில். ‘இப்படி ஆட்கள் வருவார்கள்’ என்று ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார், எப்போது என்பது மட்டும் ரகசியம்.

‘சர்வீஸ் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். கோப்பையைத் தட்டிக் காட்டினார்களா? விரிசல் இல்லாத கோப்பை கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று சத்தம் போடும். பளபளப்பு பூசிய அகலுக்கும் பூசாததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சொன்னார்களா? பூசாதது எண்ணெயைக் குடிக்கும், கோலத்தில் கறை விழும். பஸ்ஸில் சென்னை வரை போக வேண்டும் என்றபோது காகிதம் சுற்றிக் கட்டினார்களா, கேரி பேக்கில் போட்டு நீட்டினார்களா? இரண்டே அகல் வாங்கியவருக்கும் நின்று பதில் சொன்னார்களா?

அகல் கேள்விக்கு மூன்று பேருக்குமே பதில் கிடைக்கவில்லை என்றால், விற்பவரைத் திட்டாதீர்கள். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கார்த்திகைக்கு முன்னால் ஒருநாள் கடையை அரை மணி முன்னதாகத் திறந்து, இரண்டு அகலிலும் எண்ணெய் ஊற்றி அவர் எதிரிலேயே வைத்துக் காட்டுங்கள். அந்த அரை மணிக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.