ஜக்கற் போட்டால் போதுமா?

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை, ரிவியில் ஆங்கிலக் கால்வாயில் வந்த ரப்பர் படகொன்றைக் காட்டினார்கள். பக்கத்தில் இருந்த அண்ணை ஒருவர் சொன்னார்: "எல்லாரும் லைஃப் ஜக்கற் போட்டுக்கொண்டுதானே வருகினம், பிறகென்ன பயம்?" அவரும் ஒருகாலத்தில் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர்தான். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படி நினைக்கிறார். எங்கடை சனத்தில் கனபேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஜக்கற் என்றால் என்ன என்று பார்ப்போம். கப்பல்களுக்கென்று சோலாஸ் என்றொரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. அதன் விதிகளின்படி, மயங்கிப்போன ஆளையும் மல்லாக்கத் திருப்பி வாயைத் தண்ணிக்கு மேலே வைத்திருப்பதுதான் நல்ல ஜக்கற். 24 மணித்தியாலம் தண்ணிக்குள் கிடந்தாலும் அதன் மிதக்கும் சக்தி 5 வீதத்துக்கு மேல் குறையக்கூடாது. ஒருகாலத்தில் அதற்குள் அடைத்தது எங்கள் தலையணைக்குள் இருக்கிற அதே இலவம்பஞ்சு. இப்போது தண்ணி குடிக்காத நுரை.

இதைவிட விசில், சின்ன லைற், வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டி, செம்மஞ்சள் நிறம் எல்லாம் இருக்கும். இந்த நாலும் மிதக்கிறதுக்கு இல்லை. "நான் இங்கை கிடக்கிறன், வாங்கோ" என்று கூப்பிடுகிறதுக்கு. அப்படியென்றால், கூப்பிட்டால் வருகிறதுக்கு ஒரு ஆள் வேண்டும்.

1912 இல் ரைற்றானிக் கப்பலில் ஜக்கற்றுக்குக் குறைவில்லை. குறைந்தது படகுகள்தான். 2200 பேருக்கு மேல் போன கப்பலில் 1178 பேருக்கு மட்டுமே படகுகளில் இடம் இருந்தது. செத்த 1500 பேரளவில் கனபேர் ஜக்கற்றோடு மிதந்தபடியே குளிரில் செத்தவர்கள். பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலில் வானொலிக்காரர் நித்திரைக்குப் போய்விட்டார். 1914 இல் முதல் சோலாஸ் உடன்படிக்கையை எழுதியபோது, எல்லாருக்கும் படகில் இடம் வேண்டும் என்பதோடு வானொலியை இரவுபகலாக யாராவது கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்றும் எழுதினார்கள்.

இப்ப அகதியிடம் வருவோம். அகதி போகிற பயணம் ஒருத்தருக்கும் தெரியாமல் போகிற பயணம். 1990 இல் நாங்கள் மன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்கு வந்த வள்ளத்தில் ஜக்கற் என்று ஒன்றுகூட இல்லை. ஓட்டி இரண்டு வெறும் எண்ணெய்க் கான்களைக் கயிற்றில் கட்டிவிட்டு, "ஏதும் நடந்தா இதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அடுத்ததாகச் சொன்னது, "ஒருத்தரும் ரோச் அடிக்காதேங்கோ, பிள்ளையளை அழ விடாதேங்கோ." நேவி கண்டால் சூடு விழும். அன்றைக்கு எங்களுக்கு ஜக்கற் தந்திருந்தாலும், அந்தச் செம்மஞ்சள் நிறத்தைச் சாறத்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

பிறகு அந்த ஜக்கற்றிலும் கள்ளம் வந்துவிட்டது. 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் பொலிஸ் ஒரு பட்டறையில் 1263 போலி ஜக்கற்றுகளைப் பிடித்தது. உள்ளே இருந்தது பொதி கட்டுகிற சாமான். மிதக்கிறதுக்குப் பதிலாகத் தண்ணியைக் குடிக்கும். கிரேக்கத் தீவுகளுக்குப் போன சனத்துக்கு விற்பதற்காகச் செய்தது. வாங்குகிறவன் அகதி, அவன் யாரிடம் போய் முறையிடுவான்?

சரி, நல்ல ஜக்கற், நல்ல படகு என்றே வைத்துக்கொள்வோம். கூப்பிட்டால் வருகினமா?

1986 ஓகஸ்ற்றில் எங்கடை ஆக்கள் 155 பேரை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் ஏற்றி அத்திலாந்திக்கில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் அவர்களைக் கண்ட கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்ரன், யார், எந்த நாடு, விசா இருக்கா என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஏற்றினார். அவர்கள் தப்பினார்கள்.

2021 நவம்பர் 24 ஆம் திகதி கால்வாயில் படகு காற்றுப்போனவர்கள் விடியப்புறம் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் போன் அடித்துக் கெஞ்சினார்கள். மதியம்போல ஒரு மீன்பிடிப் படகுதான் அவர்களைக் கண்டது. உயிரோடு இருந்தது இரண்டே பேர். குறைந்தது 27 பேர் இறந்தார்கள். இரண்டு அரசாங்கங்களிடமும் ரேடாரும் ஹெலியும் இருந்தன.

கடலில் ஆபத்தில் இருக்கிறவரை, அவர் எந்த நாட்டவர், என்ன அந்தஸ்து என்று பாராமல் காப்பாற்றவேண்டும் என்பது ஏற்கனவே சட்டம். புதிதாக எழுத ஒன்றுமில்லை. செய்தால் காணும். அதைச் செய்யச்சொல்லி வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கிற உரிமை எங்களில் கனபேருக்கு இப்போது இருக்கிறது. கேட்கிறோமா?

இன்னொன்று. இது பழைய கதை இல்லை. 2022 நவம்பரிலும் 300 பேருக்கு மேற்பட்ட இலங்கையரை ஒரு யப்பான் கப்பல் நடுக்கடலில் ஏற்றி வியட்நாமில் இறக்கியது. ஊரில் இருந்து யாராவது, "படகுதான் மாமா, ஆனா ஜக்கற் தருவினமாம்" என்று காசு கேட்டால், அந்தச் சொல்லை நம்பிக் காசு அனுப்பவேண்டாம். ஜக்கற் ஆளைக் கரைக்குக் கொண்டுவராது. ஆரும் வரும்வரைக்கும் மிதக்க வைக்கும், அவ்வளவுதான்.