கேட்டதும் கண்டதும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது பழமொழி. பார்க்கப்படுபவரின் அகத்தையே அது குறிக்கும் என்பர். பார்ப்பவரின் அகமும் அம்முகத்துக்கு வண்ணந் தீட்டுகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை.

விருதுநகரில் பிறந்த காமராசர், 1957, 1962ஆம் ஆண்டுகளில் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவர் வரலாற்றை அறியாதவர் அவருடைய படத்தைப் பார்த்தால், கரிய, நெடிய நாட்டுப்புறத்து மனிதர் ஒருவரையே காண்பர். ஏழைச் சிறுவரின் பசி தீர மதிய உணவுத் திட்டத்தைப் பரவச் செய்தவர். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராயிருந்தும் தமக்கெனப் பொருள் சேர்க்காதவர் என்று அறிந்தவரோ, அதே முகத்தில் அருளைக் காண்பர். படம் மாறவில்லை, பார்வை மாறியது.

இது வெறும் கற்பனையன்று. முகங்களை அறிவதற்கென்றே சிறப்பாகத் தொழிற்படும் பகுதிகள் நம் மூளையில் உள்ளன. ஒரு முகம் கண்ணிற் பட்டதும், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழியுமுன்னரே மூளை அதனை முகமென உணர்ந்துவிடுகிறது. அம்முகத்திற்குரியவரைப் பற்றி நாம் அறிந்த நன்மை தீமைகளும் விரைந்து வந்து அவ்வுணர்வோடு கலந்துவிடுகின்றன. பெர்லின் நகரத்து ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று நம்மை எச்சரிக்கிறது. உறுதி செய்யப்படாத செய்தி என்ற குறிப்போடு ஒருவரைப் பற்றிக் கூறிய பழிச்சொல்லும், அவரைப் பற்றிய மதிப்பைக் குறைத்தது என்று அவர்கள் கண்டனர். ஐயம் மறைந்தது, பழியே நின்றது.

அவ்வாறாயின், ஒன்றும் அறியாமல் முகத்தை மட்டும் பார்த்தல் நன்றோ? அன்று. பட்டாசு ஆலையிலிருந்து மாலையில் திரும்பும் பெண்ணின் முகத்தில் அலுமினியப் பொடி படிந்து மின்னுகிறது. அறியாதவர் அழுக்கென்று விலகுவர். அந்தக் கூலியைக்கொண்டு மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கும் தாய் அவர் என்று அறிந்தவர், எழுந்து இடங்கொடுப்பர். ஆகவே குறை அறிவதில் இல்லை. ஆராயாது நம்புவதிலேதான் உள்ளது.

மாணவர்களே! வகுப்பிற்குப் புதிதாக வரும் ஒருவனைப் பற்றி நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் ஒரு புறஞ்சொல், நாற்பது பேர் கண்ணில் அவன் முகத்தையே மாற்றிவிடும். அதனை அவனால் கழுவிக்கொள்ள இயலாது. எனவே கேட்டதை உடனே நம்பாதீர். நம்பாததைப் பிறரிடம் சொல்லாதீர். பழகி அறிந்தபின் மீண்டும் ஒருமுறை அம்முகத்தைப் பாருங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது இதனாலேயாம்.