சீட்டில் எழுத வேண்டிய மூன்று விஷயம்

"கைக்குழந்தைக்காரி நான். மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஊசி குத்திப் பார்க்கணும் என்கிறார் டாக்டர். குத்தினால் புற்றாக மாறிடும்னு மாமியார் பயப்படறாங்க. என்ன செய்ய?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஊசி எந்தக் கட்டியையும் புற்றாக மாற்றாது, சகோதரி. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் எடுத்து வரும், அவ்வளவுதான். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

திசுக்களைச் சோதிக்கும் டாக்டரான என்னிடம் நோயாளி வருவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு சீட்டும்தான் வரும். அந்தச் சீட்டு பல சமயம் பாதி காலி! "மார்பில் கட்டி, வயது 27" என்று மட்டும் இருக்கும். அங்கேதான் வினை.

பால் சுரக்கும் மார்பில் செல்கள் வழக்கம்போல் இருக்காது. உட்கரு பருத்து, அதனுள் இருக்கும் புள்ளி எடுப்பாகத் தெரியும். செல்கள் உதிரி உதிரியாகக் கிடக்கும். புற்று செல்லுக்கும் ஏறக்குறைய இதே லட்சணம்! "பால் கொடுக்கிறவர்" என்று சீட்டில் இருந்தால் நாங்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்போம். பால் தேங்கிய கட்டியானால் ஊசியில் பாலே வரும், கட்டியும் அமுங்கிவிடும்.

அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அடிபட்ட இடத்தில் கொழுப்பு செத்துக் கல்லாக இறுகும், தோலைக்கூட உள்ளே இழுக்கும். எக்ஸ்ரே படத்தையும் ஏமாற்றும். மைக்ராஸ்கோப்பில்தான், செத்த கொழுப்பும் அதைத் தின்று நுரைத்த செல்களுமாக, குட்டு வெளிப்படும்.

மூன்றாவது, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்பது. இதைச் சொல்லத்தான் நம் பெண்கள் கூசுகிறார்கள். பிரசவமாகிச் சில வருஷங்களில் ஒரு வகை அழற்சி வரும். காம்பு உள்ளே போய், அக்குளில் நெறி கட்டி, அசல் புற்று மாதிரியே வேஷம் போடும். மார்பில் வரும் டி.பி.யும் அப்படித்தான். கண்ணாடியில் இரண்டும் ஒரே ஜாடை. ஆனால் அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு டி.பி.யை முற்ற வைத்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கக் கொஞ்சம் திசுவை ஃபார்மலினில் போடாமல் அனுப்பணும். ஃபார்மலினில் கிருமி செத்துப்போகும். டி.பி. என்ற சந்தேகம் முன்னாலேயே எழுந்தால்தானே அப்படி எடுத்து வைப்பார்கள்?

இதைப் படித்துவிட்டு, "பால்கட்டுதான்" என்று மாசக்கணக்கில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். பால் கொடுக்கும் காலத்திலும் புற்று வருவதுண்டு. 2 வாரத்தில் கரையாத கட்டியைக் காட்டியே ஆகணும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஊசி கட்டியின் ஓரத்தில் பட்டிருக்கலாம். டாக்டரின் கை, ஸ்கேன், திசு மூன்றும் ஒரே சேதி சொல்லணும். ஒன்று முரண்டு பிடித்தாலும், தடித்த ஊசியால் திசுத் துண்டாகவே எடுக்கச் சொல்வேன். செல்கள் தம் எல்லையைத் தாண்டி வெளியே பரவியிருக்கின்றனவா என்பது துண்டில்தான் தெரியும்.

மெழுகில் பதித்த அந்தத் திசுவையும் கண்ணாடிகளையும் பரிசோதனைக் கூடத்தில் பத்திரப்படுத்தி வைப்பார்கள். இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் வேணுமென்றால் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தயங்காமல் கேளுங்கள்.