கடைசிப் பேரு என்னங்க?

விருதுநகர்ல இருந்து சிவகாசி வழியா கிருஷ்ணன்கோவில் வரைக்கும் பஸ்ல போனா வழி நெடுக காலேஜ் போர்டுதான். அங்க வேலை பார்க்குற நண்பர்கள் யார்கிட்ட பேசினாலும் பேச்சு 'பேப்பர் போட்டாச்சா?'ன்னு வந்து நிக்குது. பேப்பர் எழுதுறதைக்கூட எப்படியோ சமாளிச்சுடுறாங்க. கடைசி ரெண்டு பக்கம் இருக்கு பாருங்க, ரெஃபரன்ஸ் லிஸ்ட், அங்கதான் தாவு தீருது. ஒரு ஜர்னல் வருஷத்தை அடைப்புக்குறிக்குள்ள போடச் சொல்லும். இன்னொண்ணு கடைசியில போடச் சொல்லும். திருப்பி அனுப்பினா மறுபடியும் முதல்ல இருந்து ஆணி புடுங்கணும்.

அதனாலயே இதைப் பொட்டு வெச்சுப் பூ முடிக்கிற வேலைன்னு நிறையப் பேர் நெனைக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். சிவகாசி குழந்தைத் தொழிலாளர் பத்தி எழுதுற எல்லாரும் 'எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு' வழக்கைக் குறிப்பிடுவாங்க. அந்தப் பேர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ரெண்டு இருக்கு. முதலாவது 1990 அக்டோபர்ல சொன்னது, எஸ்சிசி தொகுப்புல 1991ம் வருஷக் கணக்குல இருக்கு. தீப்பெட்டி தயாரிப்புல பிள்ளைங்க கூடாது, ஆனா பேக்கிங்ல இருக்கலாம்னு விட்ட தீர்ப்பு அது. ரெண்டாவது 1996 டிசம்பர்ல வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வெச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னது. வருஷமும் தொகுதி எண்ணும் இல்லாம வெறும் 'மேத்தா வழக்கு'ன்னு போட்டா, படிக்கிறவன் எதை எடுத்துப் பார்ப்பான்? ஆக இது அலங்காரம் இல்லீங்க, விலாசம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அதே விலாசத்துல நம்ம ஆளுங்க பேர் மட்டும் ஏன் இப்படிச் சிதையுது?

எங்க சித்தப்பா பொண்ணு சிவகாசிப் பக்கம் ஒரு காலேஜ்ல ஆராய்ச்சி பண்றா. பட்டாசு ஆலைத் தொழிலாளர்களோட உடல்நலம் பத்தி. "அண்ணே, நீதான் பொட்டி தட்டுற ஆளாச்சே, இந்த லிஸ்ட்டை மட்டும் சரி பண்ணிக் குடேன்"னு ஃபைலை அனுப்பினா. திறந்து பார்த்தா, 1983ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் சிவகாசி தீப்பெட்டிப் பிள்ளைகள் பத்தி எழுதின ஸ்மிது கோத்தாரி 'கோத்தாரி, எஸ்.'னு ஜம்முனு உக்காந்திருக்கார். அவருக்குக் குடும்பப் பேர் இருக்கு, பிரச்சினையே இல்லை. நம்ம ஆளுங்கதான் பரிதாபம். முத்துலட்சுமி ஆர்-ன்னு ஒருத்தங்க இருந்தா (பேர் உதாரணத்துக்கு), லிஸ்ட்ல அவங்க 'ஆர், எம்.'! பேரே காணோம், ரெண்டு எழுத்துதான் மிச்சம். பஸ் டிக்கெட்ல இருக்குற மாதிரி :-)

காரணம் ரொம்பச் சின்னது. 1985ல் வந்த பிப்டெக்ல இருந்து பல மென்பொருள்களும், கமா போடாம எழுதின பேர்ல கடைசியா இருக்கிற வார்த்தையைக் குடும்பப் பேர்னு எடுத்துக்கும். மீதியை முதல் எழுத்தாச் சுருக்கும். நம்ம இனிஷியல் முன்னாடி இருந்த காலத்துல இதனால தொந்தரவே இல்லை. 1928ல் நேச்சர்ல வந்த கட்டுரையில சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன். கடைசி வார்த்தை அவங்க சொந்தப் பேர்தான். எஸ். சந்திரசேகர்ல எஸ் அப்பா சுப்ரமணியன், அதுவும் சரியா வந்துடும். அப்புறம் மார்க் ஷீட்ல, பாஸ்போர்ட்ல இனிஷியல் பின்னாடி போச்சு. கட்டுரையிலயும் அப்படியே எழுதினோம். மெஷின் அப்பாவோட ஒத்தை எழுத்தைக் குலப்பேராக்கிடுச்சு.

இதுக்கு வழக்கமா சொல்ற வைத்தியம், அப்பா பேரை விரிச்சு லாஸ்ட் நேம்ல போட்டுடுங்கறது. என் தங்கச்சியோட கைடும் அதையேதான் சொன்னாராம். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. எல்லாக் கட்டுரையும் ஒரே பேர்ல சேரும், தேடினா கிடைக்கும். ஆனா ராப்பகலா கண்ணு முழிச்சு ஆராய்ச்சி பண்ணினது மக, உலகம் பூரா மேற்கோள் காட்டுறது அவ அப்பாவை. சித்தப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கலாம், அவர் எட்டாங்கிளாஸோட நின்னவர். எனக்கு ஒப்பல. பொண்ணுங்களுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. கல்யாணம் ஆனா இனிஷியல் மாறும், மாறினா அதுவரைக்கும் எழுதின கட்டுரை எல்லாம் வேற ஒருத்தி கணக்குல நிக்கும்.

இதைவிட மோசம் பழைய பேர்கள். 1920களின் தொடக்கத்துல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து சிவகாசியில ஆரம்பிச்சவங்க பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். மெஷின்ல கொடுங்க, ரெண்டு பேரும் 'நாடார்'. அய்யவும் சண்முகமும் ஒத்தை எழுத்தாப் போயிடும், சாதி தலையில ஏறி உக்காந்துக்கும். 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்ட ஊர் இது. அதை மறுபடி அகரவரிசைக்குத் தலைப்பா வெக்கிறது ஒரு சாஃப்ட்வேர்!

நம்ம சிவகாசி பிரஸ்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அண்ணாச்சியைப் பாருங்க. ஊரு, தாத்தா, அப்பா, படிப்பு எல்லாம் வரிசையா வந்தாலும் பொண்ணு பேர் எது, மாப்பிள்ளை பேர் எதுன்னு தடுமாறாம பெரிய எழுத்துல போட்டுடுவார். நூலகத் துறையிலயும் விஷயம் தெரியாம இல்லை. 1934ல் கேட்டலாக் போடுறதுக்குத் தனி விதிப் புத்தகமே எழுதின எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் பேர்ல எஸ் ஊரு, ஆர் அப்பா, ரங்கநாதன்தான் ஆளு. நாட்டுக்கு நாடு பேர் வழக்கம் எப்படின்னு நூலகங்களோட சர்வதேச அமைப்பான இஃப்லா தொகுத்துப் புத்தகமே போட்டிருக்கு. ஐஸ்லாந்துலயும் பெரும்பாலும் அப்பா பேர்தான் பின்னாடி வரும், ஆனா அந்த ஊர் டெலிபோன் டைரக்டரி சொந்தப் பேர் வரிசையில இருந்துச்சு. அவங்க வழக்கத்தை யாரும் மாத்தச் சொல்லலை. நாம மட்டும் ஏன் ஃபாரத்துல சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்துக்காகப் பேரை வெட்டிக்கணும்?

ஜர்னல் நடத்துறவங்க செய்ய வேண்டியது ஒரே ஒரு கட்டம் கூட வைக்கிறது: 'உங்களை எந்தப் பேர்ல மேற்கோள் காட்டணும்?' அது வர்ற வரைக்கும் இருக்கிற வழிகளைச் சொல்றேன். கட்டுரையில இனிஷியலை முன்னாடி போடுங்க, எல்லாக் கட்டுரையிலயும் ஒரே மாதிரி. ஆர்கிட் எண் வாங்கிடுங்க, 2012ல இருந்து இலவசமாத் தர்றாங்க, இனிஷியல் மாறினாலும் அந்த 16 இலக்கம் மாறாது. அடுத்தவங்க பேரைச் சேர்க்கும்போது பிப்டெக்ல முழுப் பேரையும் இன்னொரு ஜோடி நெளிவு அடைப்புக்குள்ள போட்டா அது வெட்டாது. ஜோட்டிரோல பேருக்கு ரெண்டு கட்டத்துக்குப் பதிலா ஒரே கட்டமா மாத்திக்கலாம்.

தங்கச்சி ஃபைல்ல மொத்தம் 43 வரி. அதுல 17 பேருக்கு அந்த அடைப்பைப் போட்டுட்டுத்தான் திருப்பி அனுப்பினேன்.