முதுகில் ஏறிய அவசரம்

இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளிகளிலிருந்து கி.மு. 2200 வாக்கில் பரவத் தொடங்கின என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அன்று முதல் மனிதன் இளங்குதிரைகளைப் பழக்கிவருகிறான். இத்தனை நெடிய அனுபவத்தில் திறமை மெல்லக் கூடிக் கொடுமை மெல்லக் குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். வரலாறு அப்படிப் போகவில்லை. நல்ல முறை வெகு முன்பே தெரிந்திருந்தது. அவசரம் வந்தபோதெல்லாம் அதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

குதிரை, பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த விலங்கு. முதுகில் திடீரென்று பாரம் விழுந்தால் உதறு, எகிறு, ஓடு என்பதே அதன் உடம்பில் ஊறிய பாடம். சேணம் ஏற்றுவது என்றால் அந்தப் பாடத்தை மறக்கச் செய்வது. தொழில் தெரிந்தவர்கள் முதலில் கையால் தடவுவார்கள். பிறகு சாக்கு, பிறகு போர்வை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், இடப்பக்கம் காட்டியதை வலப்பக்கமும் காட்டியாக வேண்டும். அடுத்து வயிற்று வார்: முதலில் தளர்வாக, பின் துளை துளையாக இறுக்கி, நடுநடுவே நடக்கவிட்டு. அதற்கும் பிறகுதான் சேணம். அங்கவடிகள் தொங்கி விலாவில் இடிப்பது பழகிய பின்பு ஒருவர் வயிற்றைக் கிடத்தி முதுகின் மேல் சாய்வார். கால் போட்டு உட்காருவது கடைசியில். ஒவ்வொரு படியிலும் குதிரை கழுத்தைத் தாழ்த்தி, வாயை மென்று, மூச்சை விடும்வரை காத்திருக்க வேண்டும். அது அமைதியான அந்த நொடியிலேயே அழுத்தத்தை விலக்க வேண்டும். விலக்குவதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு.

இவற்றின் சாரம் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஏதென்ஸ் நகரத்துக் குதிரைவீரரும் எழுத்தாளருமான செனபோன் தம் குதிரையேற்ற நூலில், குட்டி மனிதனை விரும்பும்படி வளர்க்க வேண்டும் என்கிறார். அது தடவினால் மகிழும் இடங்களில் தடவுங்கள், சந்தடியுள்ள இடங்களுக்கு அழைத்துச் சென்று அச்சம் போக்குங்கள், கோபத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகாதீர்கள் என்பவை அவர் சொன்ன புத்திமதிகள். அவர் காலத்துக் கிரேக்கர்களிடம் மரச்சட்டம் வைத்த சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. பழக்குபவரிடம் குட்டியை ஒப்படைக்கும்போது, திரும்பி வருகையில் அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்துக்கொள்ளவும் அவர் சொல்கிறார்.

பின்னர் வந்தவர்கள் இந்த நூலைப் படித்துவிட்டு அப்படியே நடந்துகொள்ளவில்லை. 1550இல் நேபிள்ஸ் நகரத்து ஃபெடெரிகோ கிரிசோனே வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுதும் பரவியது. முரண்டு பிடிக்கும் குதிரைக்கு அதில் அவர் சொன்ன வைத்தியங்களில், கழியில் கட்டிய பூனையைக் காட்டி அச்சுறுத்துவதும் ஒன்று. அடுத்த தலைமுறையில் பிரான்சின் பதின்மூன்றாம் லூயி மன்னருக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினெல், தண்டனையைக் குறைத்துப் பாராட்டைக் கூட்டச் சொன்னார். 1733இல் பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசிரியர் லா கெரினியேர் அந்த வழியை முறைப்படுத்தினார். வியன்னாவின் புகழ்பெற்ற குதிரையேற்றப் பள்ளி இன்றும் அவர் வழியைப் பின்பற்றுகிறது. அங்கே லிப்பிசான் குதிரைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் சவாரிப் பயிற்சி தொடங்கும், முழுதாகத் தேற ஆண்டுகள் பல ஆகும். அரசவைக்கு அது கட்டுப்படியானது. அவர்களுக்கு வேண்டியிருந்தது சில பத்துக் குதிரைகள். பொறுமைக்குச் செலவு செய்யப் பொன்னும் நேரமும் இருந்தன.

எண்ணிக்கை பெருகும்போது கதை மாறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்குப் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்தன, ஒவ்வொன்றும் 220 தினார் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வந்த குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துவிட்டு, பழக்காமலே, அங்கவடிகூட இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இங்கே குதிரை பேணத் தெரிந்தவர்கள் இல்லை, வாங்கியவற்றில் பெரும்பகுதி ஆண்டு முடிவதற்குள் மடிந்துவிடும் என்று மார்க்கோ போலோவும் சொல்கிறார். இரண்டும் வெளியூர்க்காரர்களின் பார்வை. மிகை கலந்திருக்கலாம், நம் வெப்பத்தின் பங்கும் இருக்கும். ஆனாலும் ஒன்று புரிகிறது. செத்தால் அடுத்த கப்பலில் வரும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் குட்டிக்கு நேரம் கொடுக்க யாருக்கும் தோன்றாது.

19ஆம் நூற்றாண்டுப் பேரரசுகள் இப்படிக் குதிரைகளைக் கப்பலில் வரவழைப்பதைப் பெரிய அளவில் செய்தன. இன்று அரசு கால்நடைப் பண்ணை உள்ள ஓசூர் மத்திகிரியில் அன்று ராணுவக் குதிரைப் பண்ணை இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வேலர் குதிரைகள் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கின. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. நெடுங்கடல் கடந்து வந்தவை போதிய ஓய்வும் பழக்கமும் இல்லாமல் போர்முனைக்கு அனுப்பப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்க மேற்கில் மேய்ச்சல் பண்ணைகள் குதிரையை அடக்குபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தன. தலைக்குக் கூலி என்றால் ஒரு குதிரைக்கு எத்தனை நாள் செலவிடுவார்கள்? கட்டிப்போட்டுச் சேணத்தை இறுக்கி, எகிறி எகிறிச் சோர்ந்து விழும்வரை மேலே உட்கார்ந்திருப்பதே தொழில்முறை ஆயிற்று.

போர்க்களம் போனாலும் அவசரம் போகவில்லை; பந்தயத்தில் அது முன்பே புகுந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், வளர்ந்த குதிரைகள் நான்கு மைல் சுற்றுகளைத் திரும்பத் திரும்ப ஓடுவதே பெரிய பந்தயம். 1776இல் செயின்ட் லெஜர், 1780இல் டெர்பி என மூன்று வயதுக் குதிரைகளின் பந்தயங்கள் வந்தன. இரண்டு வயதுப் பந்தயங்களும் சேர்ந்துகொண்டன. போட்ட பணம் சீக்கிரம் திரும்பியது. இரண்டு வயதில் ஓட வேண்டுமானால் ஒன்றரை வயதிலேயே சேணம் ஏற வேண்டும். குதிரையின் முதுகெலும்பில் உள்ள வளர்ச்சித் தட்டுகளோ ஐந்து வயதைத் தாண்டித்தான் முழுதாக இறுகுகின்றன. இளமையில் அளவான ஓட்டம் கால் எலும்பை வலுவாக்குகிறது என்று ஆய்வுகள் காட்டுவதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வயதைத் தேர்ந்தெடுத்தது எலும்பியல் அல்ல, வட்டிக் கணக்கு.

இன்று மென்முறை மீண்டும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. டாம் டாரன்ஸ், ரே ஹன்ட் போன்ற அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் குதிரையின் பார்வையிலிருந்து பழக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நடத்தை அறிவியலும் அவர்கள் கண்டதில் பலவற்றை விளக்குகிறது. மகிழ வேண்டிய மாற்றம்தான். எனினும் இதே மென்முறையின் பெயரில், யாரும் தொட்டிராத குட்டியை மூன்றே நாளில் சவாரிக்குக் கொண்டுவரும் போட்டிகள் பெருங்கூட்டத்தின் முன் நடக்கின்றன. சாட்டை மறைந்துவிட்டது, கடிகாரம் மறையவில்லை. அசையாமல் நிற்கும் குட்டி பழகிவிட்டதா, திகைத்து உறைந்துவிட்டதா என்று மூன்று நாளில் சொல்வது எளிதல்ல.

ஆகவே ஒரு முறை மென்மையானதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது, அந்த நேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். குதிரை வாங்குபவர் “எப்போது ஏறலாம்?” என்று மட்டும் கேட்கும்வரை, பழக்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாட்களைச் சுருக்கத்தான் செய்வார். தீவனத்துக்கும் லாடத்துக்கும் கொடுப்பதுபோல் காத்திருப்பதற்கும் கூலி உண்டு என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டால், செனபோன் சொன்னதுபோல நாட்களை விட்டுவிட்டுக் கற்றதை வைத்து ஒப்பந்தம் எழுதலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.